மூன்றாவது அறை

கார்த்தி,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக அரை டம்ளர் அரிசியைக் களைந்து சின்ன குக்கரில் வைத்தேன். அரை டம்ளர் என்பது ஒரு ஆளுக்கான அளவு. அந்த அளவோடு கையை நிறுத்திக்கொள்ள எனக்கு இந்த ஊரில் பாதி வருடம் பிடித்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். சனிக்கிழமை என்பதால் வீடு இன்னும் எழவில்லை. லண்டனில் இந்த மனோர் பார்க்கில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் மாடிப்படி இறங்குவதுகூட நம் வீட்டுக்குள் கேட்கும். அந்தச் சத்தமும் இன்னும் வரவில்லை. சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். மதியத்துக்குள் உனக்கு மெயிலில் அனுப்பிவிடுவேன்.

பெங்களூரில் நீயும் வித்யாவும் பார்த்து வைத்திருக்கிற வீட்டின் படங்களை நேற்று அனுப்பியிருந்தாய். ஹால், சமையலறை, துணி காயப்போடும் பால்கனி, முதல் அறை, இரண்டாவது அறை என்று வரிசையாக வந்தன. கடைசியாக மூன்றாவது அறை. அதன் கீழே, ‘இது உனக்கும்மா, காலை வெயில் வரும்’ என்று எழுதியிருந்தாய். அப்புறம் போன் செய்து, “கல்யாணம் முடிஞ்சதும் நீ நேரா இங்க வந்துடு. அப்பா ரிட்டயர் ஆகற வரைக்கும் போய்ட்டு வந்துட்டு இருக்கட்டும். வித்யா காலைல சீக்கிரமே கிளம்பிடுவா. நீ இருந்தாத்தான்மா வீடு வீடா இருக்கும்” என்றாய். மூன்று அறை வீடா, அதே கட்டடத்தில் இரண்டு அறை வீடா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டுக்காரரிடம் சொல்லியாக வேண்டும் என்றும் சொன்னாய். நான் “பார்க்கலாம்டா” என்றேன். அதை நீ சம்மதமாக எடுத்துக்கொண்டாய் என்பது உன் குரலிலேயே தெரிந்தது. நம் வீட்டில் நான் ‘பார்க்கலாம்’ என்று சொன்ன எதுவும் நடக்காமல் போனதில்லை. அதனால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

போனில் நம்மால் முழுதாகப் பேச முடிவதில்லை. நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ “சரிம்மா, சரிம்மா” என்று அதை முடித்து வைத்துவிடுகிறாய். நீ திருச்சிக்குப் போயிருக்கிற நாள் என்றால் அப்பா பக்கத்திலிருந்து, “அங்க மழையா?” என்று கேட்கிறார். மழை பெய்கிறதா இல்லையா என்று சொல்வதற்குள் பேச வந்தது போய்விடுகிறது. தையில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன்னால் உன்னிடம் சொல்ல வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றையெல்லாம் சொன்னால்தான் அந்த மூன்றாவது அறைக்கு நான் தருகிற பதில் உனக்குச் சரியாகப் புரியும். அதனால் அவசரப்பட்டுக் கடைசிப் பத்திக்குப் போய்விடாதே. பரீட்சை வினாத்தாளைப் பின்பக்கத்திலிருந்து படிக்கிற பழக்கம் உனக்கு உண்டு.

இருபது வருடம் திருச்சியில் ஒரே அலுவலகத்தில் சாலை வரைபடம் போட்ட ஒரு சிவில் என்ஜினியர், நாற்பத்தேழு வயதில் லண்டனில் போக்குவரத்துத் திட்டமிடல் படிக்கப் போகிறேன் என்றபோது நம் வீட்டில் யாரும் சண்டை போடவில்லை. நான் சண்டைக்குத் தயாராகப் பதில்களெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவை வீணாகப் போயின. அப்பா செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே, “ஒரு வருஷம்தானே, போய்ட்டு வா” என்றார். ஆனால் சொந்தக்காரர்களிடம், “கம்பெனி அனுப்பியிருக்கு” என்று சொல்லிவிட்டார். கல்யாண வயதில் பையனை வைத்துக்கொண்டு அம்மா காலேஜுக்குப் போகிறாள் என்று சொல்ல அவருக்குக் கூச்சம். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. அதனால்தான் நானும் மறுக்கவில்லை.

இங்கே வந்த பிறகு அந்தக் கூச்சம் வேறு வேறு விதங்களில் தலைகாட்டியது. எங்கள் பேராசிரியர் என்னைவிடச் சின்னவர். முதல் வகுப்பிலேயே, தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். என்னால் முடியவில்லை. ‘சார்’ போட்டால் அவர் சிரிக்கிறார். பெயரை எழுதினால் எனக்குக் கை கூசுகிறது. அதனால் பல மாதங்கள் அவருக்கு எழுதிய எல்லா மெயிலையும் ‘காலை வணக்கம்’ என்று மட்டும் தொடங்கினேன். மதியம் அனுப்ப வேண்டியதையும் மறுநாள் காலைவரை வைத்திருந்து அனுப்பியிருக்கிறேன். சினிமாவில் மாணவர் டிக்கெட் கேட்டபோது கவுண்டரில் இருந்த பெண் என் அட்டையில் இருந்த படத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், எதுவும் சொல்லாமல் டிக்கெட்டைக் கொடுத்தாள். யாரும் எதுவும் சொல்வதில்லை, கார்த்தி. கூச்சத்தை நானே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தேன்.

இப்போது அரிசி விஷயம். இந்த வீடு சாந்தி அக்காவுடையது. யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக் காலத்தில் இங்கே வந்தவர். கீழ்த்தளத்தில் அவர் இருக்கிறார். மாடியில் மூன்று அறைகளையும் படிக்க வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். ஒன்றில் நான், ஒன்றில் கோயம்புத்தூர் பிரவீன், ஒன்றில் நாகர்கோவில் ஷெரின். பிரவீன் பகலில் படித்துவிட்டு மாலையில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் பெட்டி அடுக்கப் போகிறான். ஷெரினுக்கு வாரக் கடைசியில் காபிக் கடை வேலை. இரண்டு பேருக்கும் உன் வயதுதான். வந்த முதல் வாரத்தில் பிரவீன் நின்றுகொண்டே நூடுல்ஸ் சாப்பிடுவதைப் பார்த்தேன். மறுநாள் சாம்பாரைக் கொஞ்சம் கூட வைத்தேன். அதற்கு மறுநாள் ஷெரினுக்கும் சேர்த்து. தீபாவளிக்குள் போனில் ஒரு குரூப் உருவாகி, அதற்கு ‘ஆன்ட்டி மெஸ்’ என்று பெயரும் வைத்தாயிற்று. ‘ஆன்ட்டி, நைட் என்ன?’ என்று மதியமே செய்தி வந்துவிடும். நான் நூலகத்தில் உட்கார்ந்து கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று யோசிப்பேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் செய்தேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது. வகுப்பில் எதுவும் புரியாமல் வந்த நாட்களில், வீட்டில் ஒருத்தன் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்வதைப் பார்த்தால் அன்றைக்கு ஏதோ ஒன்றாவது சரியாகச் செய்திருக்கிறேன் என்று தோன்றும்.

அந்தப் பருவத்தில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு திட்டம் செய்ய வேண்டியிருந்தது. ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, நடப்பவர்களுக்கு ஏற்றபடி அதை மாற்றி வடிவமைக்க வேண்டும். என் குழுவில் நைஜீரியாவிலிருந்து வந்த டெமி என்ற பெண் இருந்தாள். முப்பது வயதிருக்கும், தெளிவாகப் பேசுவாள். கூட்டங்கள் மாலையில் நடக்கும். நான் சமைக்க வேண்டும் என்று பாதியில் எழுந்து வந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். அன்றைக்கு வீட்டில் பிரியாணி என்று அறிவித்திருந்ததால் வேறு வேலை இருக்கிறது என்றேன். கடைசியில் வேலையைப் பிரித்தபோது எனக்குக் கிடைத்தது எழுத்துப் பிழை திருத்தி, பக்க எண் போடுகிற வேலை. நடைபாதை அகலத்தைக் கணக்கிடும் வேலை அதுவரை ஒரு சாலையும் போட்டிராத இருபத்திரண்டு வயதுப் பையனுக்குப் போயிற்று. நான் இருபது வருடம் செய்த வேலை அதுதான். டெமியிடம் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. “நீங்கள் எப்போதும் கிளம்பிக்கொண்டே இருக்கிறீர்கள். நீங்கள் வேறு எங்கோ தேவைப்படுகிறீர்கள் என்று நினைத்தோம். உங்களுக்குப் பாரமாக இருக்க வேண்டாம் என்று சின்ன வேலையாகக் கொடுத்தோம்” என்றாள். அவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார்கள். அன்று ரயிலில் திரும்பும்போது அடுத்த நிலையமான இல்ஃபர்ட் வரை போய்விட்டு, எதிர்ப் பக்கம் ஏறித் திரும்பி வந்தேன். என் நிலையத்தில் இறங்க மறந்துவிட்டேன்.

மறுநாள் சமையலறையில் எனக்கு மட்டும் ஒரு குட்டிப் பாத்திரத்தில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தேன். பிரவீன் வந்து மூடியைத் தூக்கிப் பார்த்தான். “என்ன ஆன்ட்டி, ஹாஸ்டல் அளவுல இருந்து ஹாஸ்பிட்டல் அளவுக்கு வந்துட்டீங்க? மெஸ் லீவா?”

“லீவு இல்லப்பா. மூடியாச்சு.”

“ஐயோ! முன்கூட்டியே நோட்டீஸ் குடுக்க வேணாமா? நான் மாசக் கடைசில எங்க போவேன்?” விளையாட்டாகத்தான் ஆரம்பித்தான். நான் சிரிக்காததைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. “நாங்க ஏதாச்சும் தப்பா பேசிட்டோமா ஆன்ட்டி? உங்கள எங்கம்மா மாதிரிதான் நெனச்சோம்.”

“நானும் உங்கம்மா மாதிரிதான் இருந்தேன். நான் இங்க படிக்க வந்திருக்கேன், பிரவீன். உன்ன மாதிரியே எனக்கும் ஃபெயில் மார்க் போடுவாங்க.”

அவன் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. ஷெரின் மட்டும், “நான் எப்பவோ கேக்கணும்னு நெனச்சேன் ஆன்ட்டி, உங்களுக்கு அசைன்மென்ட்டே கிடையாதா?” என்றாள். பிறகு ஒரு நாள் பிரவீன் தானே சாம்பார் வைத்தான். சன்னலைத் திறக்காமல் கடுகைத் தாளித்ததில் புகை அலாரம் அலறி, சாந்தி அக்கா துடைப்பத்தோடு ஓடி வந்து அதைத் தட்டி நிறுத்தினார். “என்ர வீட்டை எரிக்கவோ கோயம்புத்தூரில இருந்து வந்தனீர்?” என்று அவனைக் கேட்டார். சாம்பாரில் புளி தூக்கலாக இருந்தது. நான் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டேன். அவனே இரண்டாவது தடவை போட்டுக்கொண்டான். அவனுக்கு நான் ஊட்டிக்கொண்டிருந்தது சோறு மட்டுமல்ல, இங்கே வந்தும் ஊரில் இருப்பதைப் போலவே இருக்கலாம் என்ற நினைப்பையும் சேர்த்துத்தான் என்று அப்போது புரிந்தது. எனக்கும் நானே அதைத்தான் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

உன்னிடமும் இதைத்தான் செய்திருக்கிறேன். நீ பத்தாம் வகுப்புக்குப் போன வருடம் அலுவலகத்தில் எனக்கு ஓசூர் சாலை வேலை வந்தது. தளத்தில் நின்று பார்க்கிற வேலை. வாரத்தில் நான்கு நாள் அங்கேயே இருக்க வேண்டும். அதற்காக நான் ரொம்ப நாள் காத்திருந்தேன். பையனுக்குப் பொதுத்தேர்வு என்று சொல்லி வேண்டாம் என்றுவிட்டேன். நீயும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. ‘நான் பார்த்துக்கறேன், நீ போ’ என்று அப்பா சொல்வதற்குக்கூட நான் இடம் கொடுக்கவில்லை. முடிவு செய்துவிட்டுத்தான் அவரிடம் சொன்னேன். பிறகு பல வருடம், ‘கார்த்திக்காக விட்டேன்’ என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் இருக்கும்போதும் சொல்லியிருக்கிறேன். அந்த வார்த்தை ஒரு பையன் காதில் எப்படி விழும் என்று நான் யோசிக்கவில்லை. தளத்தில் ஆண்களுக்கு நடுவே தனியாக நின்று தப்பு செய்துவிடுவேனோ என்ற பயமும் எனக்கு இருந்தது. உன் பரீட்சை அந்தப் பயத்துக்கு வசதியாக வந்து சேர்ந்தது. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஓசூர் வேலைக்கு நீ எந்த விதத்திலும் பொறுப்பில்லை. அதை ஈடுகட்ட எனக்கு வெயில் வரும் அறை தர வேண்டியதும் இல்லை.

உன் நிச்சயதார்த்தத்துக்கு நான் வராதது பற்றி நீ ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதனால் நானே சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு இங்கே தேர்வு. தேதியை மாற்ற முடியாது என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டார்கள். தேர்வு முடிந்த கையோடு நூலக வராந்தாவில் நின்றுகொண்டு போனில் பார்த்தேன். உன் அத்தை போனைத் தாம்பூலத் தட்டில் தேங்காய் மேல் சாய்த்து வைத்தாள். யாரோ தட்டை நகர்த்தியதில் அது மல்லாந்து விழுந்துவிட்டது. மோதிரம் மாற்றுகிற நேரம் முழுக்க நான் பார்த்தது மண்டபத்து மின்விசிறியைத்தான். ஒரு இறக்கையில் ஜரிகைத் தாள் ஒட்டியிருந்தது. “ஐயோ, அண்ணி வானத்தப் பாத்துட்டு இருக்காங்க” என்று அத்தை கத்திக்கொண்டே என்னை எடுத்து நிமிர்த்தினாள். அப்போது வித்யாவின் அம்மா வந்து, “என்னங்க சம்பந்தி, ஆபீஸ்ல ரெண்டு நாள் லீவு குடுக்க மாட்டேன்னுட்டாங்களா?” என்று கேட்டார். கழுத்தில் மாணவர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, “ஆமாங்க, கொஞ்சம் முக்கியமான வேலை” என்றேன்.

அன்று சாயங்காலமே வித்யா எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள். ‘பரீட்சை எப்படி எழுதுனீங்க அத்தை?’ என்று கேட்டிருந்தாள். நீ சொல்லியிருக்கிறாய். நான் உடனே, ‘உங்க அம்மாவுக்குத் தெரியுமா?’ என்று பதறிப்போய் எழுதினேன். ‘முதல் நாள்லேர்ந்தே தெரியும் அத்தை. மாமா கம்பெனின்னு சொன்னாங்க, அதனால அம்மாவும் ஆபீஸ்னே கேக்கறாங்க. அவங்க கூச்சப்படக் கூடாதுன்னு’ என்று பதில் வந்தது. எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை எல்லாரும் சேர்ந்து பத்திரமாக மறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். உங்கள் வீட்டில் இந்தப் பழக்கம் வேண்டாம், கார்த்தி. வித்யாவைப் பற்றிச் சொல்ல உனக்குக் கூச்சமாக இருக்கிற ஏதாவது ஒன்று என்றைக்காவது வரும். அவளுக்கும் உன்னைப் பற்றி வரும். இன்னொருவர் காதுக்கு ஏற்றபடி அதை மாற்றிச் சொல்லாதீர்கள். கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும்போது அப்பா பெயருக்குப் பின்னால் அவர் படிப்பு வருவது போல, என் பெயருக்குப் பின்னால் என் படிப்பும் வரட்டும். லண்டன் படிப்புக்கு அதற்குள் முடிவு வராது. அதனால் பழைய பி.இ. மட்டும் போதும். அதுவே போன தடவை அத்தை வீட்டுப் பத்திரிகையில் விட்டுப்போயிருந்தது.

என் ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது ரோம்ஃபர்டு சாலையில் ஒரு பாதசாரி சிக்னல். பச்சை விளக்கு எரியும் நேரத்துக்குள் யார் கடக்கிறார்கள், யார் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள், யார் ஓடுகிறார்கள் என்று நின்று பார்ப்பதுதான் வேலை. குளிர் போன பிறகு தொடங்கியதால் நிற்பது கஷ்டமாக இல்லை. ஒரு நாள் தள்ளுவண்டியில் குழந்தையும் கையில் காய்கறிப் பையுமாக ஒரு இளம் பெண் மூச்சு வாங்க இந்தப் பக்கம் வந்து சேர்ந்தாள். என் கையிலிருந்த அட்டையையும் தாளையும் பார்த்துவிட்டு, நகராட்சி ஆள் என்று நினைத்து நின்றாள்.

“அக்கா, கவுன்சிலில இருந்தோ? இந்த லைட்டைக் கொஞ்சம் கூட நேரம் எரிய விடச் சொல்லுங்கோ. பிள்ளையையும் தள்ளிக்கொண்டு ஓட ஏலாது.”

“நான் கவுன்சில் இல்லம்மா. ஸ்டூடண்ட்.”

“இந்த வயசிலயோ?”

“ஆமா. இந்த வயசுலதான்.”

அவள் ஒரு நிமிடம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அப்ப என்ர மாமியையும் எங்கயாவது சேர்த்துவிடுங்கோ. பகல் முழுக்க வீட்டில இருந்து என்ர உயிரை எடுக்கிறா” என்று சொல்லிவிட்டு, அடுத்த தெருவுக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததோடு சரி, அப்போது நீ இன்னும் வீடே பார்க்கவில்லை. நேற்று உன் படங்களைப் பார்த்தபோதுதான் அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். அவள் மாமியார் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. பகல் முழுக்கச் செய்ய ஒன்றும் இல்லாமல், அடுத்தவர் சமையலறையில் பார்த்துக்கொண்டிருக்கிறவராக இருக்கலாம். வித்யாவின் சமையலறையில் நான் அப்படி இருக்க மாட்டேன் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. கடுகு டப்பாவை எங்கே வைப்பது என்பதில் எனக்கு இருக்கிற பிடிவாதம் உனக்கே தெரியும்.

அந்த சிக்னலைப் பற்றி எழுதிய பகுதியைப் பேராசிரியர் படித்துவிட்டு, சாலைக் கடப்புகளை வடிவமைக்கிற ஒரு சின்ன நிறுவனத்தில் ஆள் தேடுவதாகச் சொன்னார். போய்ப் பேசினேன். என்னைக் கேள்வி கேட்டவருக்கு உன்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். என் திருச்சி அனுபவத்தைப் பற்றி நிறையக் கேட்டார். ஆனாலும் இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு உரிய இடம்தான் தர முடியும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். வியாழக்கிழமை கடிதம் வந்தது. வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். படிப்பு முடிந்த பிறகு கொஞ்ச காலம் இங்கே தங்கி வேலை பார்க்க விசா விதியில் இடம் இருக்கிறது. ஆக, உனக்கு ஒரு பதில், அவர்களுக்கு ஒரு பதில், இரண்டையும் இந்த இரண்டு நாளில் சொல்லியாக வேண்டும்.

நேற்று சாயங்காலம் இந்த வேலை விஷயத்தைச் சொல்லாமல் உன் படங்களை மட்டும் சாந்தி அக்காவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவது அறை வந்ததும் அதையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். “பிறகென்ன? மகன் கூப்பிடேக்க போறதுதானே. வெயில் வாற அறையாம். இஞ்ச இருந்து நீர் என்ன செய்யப் போறீர்?” என்றார்.

“யோசிக்கிறேன் அக்கா.”

“யோசிக்க என்ன கிடக்கு? என்ர மோன் மோர்டன்ல நாலு அறையோட வீடு வாங்கினவன். கிருஹப்பிரவேசத்துக்குப் போனனான். ஒவ்வொரு அறையாக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். இது பிள்ளையின்ர அறை, இது ஒஃபிஸ், இது விருந்தாக்களுக்கு எண்டு. நானும் நல்லாயிருக்கெண்டு சொல்லிச் சாப்பிட்டிட்டு ரெயின் எடுத்து வந்திட்டன். உம்மட பிள்ளை உமக்கெண்டு ஒரு அறை பார்த்து வைச்சிருக்கு. அதின்ர அருமை உமக்கு விளங்கேல்லை.”

அவர் குடித்து வைத்த கோப்பையை வாங்கிக் கழுவி வைத்தேன். அவர் சொன்னது சரி. உன் வயதில் அம்மாவுக்கு என்று ஒரு அறையை யோசிக்கிற பையன்கள் அதிகம் இல்லை. இரவு படுக்கும்போது அந்த அறைக்குப் போய்விடலாமா என்று உண்மையாகவே நினைத்தேன். இங்கே புதிதாக வந்தவர்களின் வரிசையில் நின்று, சின்னப் பிள்ளைகளிடம் வேலை கற்றுக்கொண்டு, பச்சை விளக்கின் நீளத்துக்காக வாதாடுவதைவிட அது எவ்வளவோ எளிது. அங்கே நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் இரண்டு பேருக்கு டிபன் கட்டுவேன். நீங்கள் போன பிறகு துணி காயப்போடுவேன். சாயங்காலம் உங்கள் முகத்தைப் பார்த்து அன்றைக்கு ஆபீஸில் என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பேன். அதில் நான் கெட்டிக்காரி. எனக்குப் பயம் வருவதும் அங்கேதான். ஒரே மாதத்தில் நீ அரிசி எங்கே இருக்கிறது என்பதை மறந்துவிடுவாய். வித்யா தன் வீட்டில் விருந்தாளி மாதிரி ஆகிவிடுவாள். அதற்குப் பிறகு என்னை அங்கிருந்து கிளம்பச் சொல்ல உங்கள் இரண்டு பேராலும் முடியாது. கிளம்ப என்னாலும் முடியாது.

ஆகவே நீங்களே சமைத்துப் பழகுங்கள். முதல் சில மாதம் கருகும், உப்பு கூடும், யார் பாத்திரம் கழுவுவது என்று வாக்குவாதம் வரும். அந்த வாக்குவாதத்தை நீங்கள் இரண்டு பேரும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் நடுவில் இருந்தால் கழுவி முடித்துவிடுவேன், வாக்குவாதம் மட்டும் கழுவப்படாமல் கிடக்கும். வித்யா சீக்கிரம் கிளம்புகிறாள் என்றால் காலைச் சமையல் உன்னுடையது. பொங்கலுக்கு ஒரு பங்கு அரிசி, கால் பங்கு பருப்பு, தண்ணீர் தாராளமாக. சந்தேகம் வந்தால் அப்பாவைக் கேள். இந்த ஒரு வருடத்தில் அவர் ரசத்தில் தேறிவிட்டார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் படம் அனுப்புகிறார், அதில் கொத்தமல்லித் தழை வரவர நேர்த்தியாகிக்கொண்டே வருகிறது.

இரண்டு அறை வீட்டையே எடுத்துக்கொள். கல்யாணத்துக்கு முன்பே லீவு போட்டு வந்துவிடுவேன். புடவை எடுப்பதிலிருந்து மறுவீடு வரை எல்லாவற்றுக்கும் நிற்பேன். முடிந்ததும் இங்கே திரும்புவேன். அந்த வேலைக்குச் சரி என்று திங்கட்கிழமை காலையில் பதில் எழுதப் போகிறேன். நேற்று படுத்துக்கொண்டு யோசித்தபோது இது முடிவாகவில்லை. காலையில் இந்த மேசையில் உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டே வந்ததில்தான் முடிவானது. சாந்தி அக்காவுக்குத் தெரியாது. பிரவீனுக்கும் ஷெரினுக்கும் தெரியாது. பேராசிரியருக்கும் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. ‘ஒரு வருஷம்தானே’ என்று சொன்னவரிடம் இன்னும் கொஞ்ச காலம் ஆகும் என்று நான் சொல்ல வேண்டும். அவர் கோபப்படுவாரா, பேசாமல் இருப்பாரா, தானும் கொஞ்ச நாள் வந்து இருந்துவிட்டுப் போகிறேன் என்பாரா, எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருடம் கூட இருந்தும் தெரியவில்லை. போன தடவை ஓசூர் விஷயத்தில் அவருக்குக் கேட்க இடம் கொடுக்காமல் முடித்ததைப் போல இந்தத் தடவை செய்ய மாட்டேன். என் முடிவைச் சொல்வேன், பிறகு அவர் சொல்வதை முழுதாகக் கேட்பேன். நாளை காலை நடைக்குப் போய்விட்டு வந்து அவர் காபி போட்டுக்கொள்கிற நேரம் பார்த்து, இங்கே நடுராத்திரியானாலும், கூப்பிடப் போகிறேன். அதுவரை இது உனக்கும் எனக்கும் மட்டும். நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே.

அம்மா